1279-க்கு அப்புறம்

அமெரிக்காவில் பேர் தெரியாத குக்கிராமத்துக்குக்கூட வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். 1785-ல் சட்டம் போட்டு, மேற்கே இருந்த நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டம் கட்டமாக அளந்தார்கள். ஒரு கட்டம், ஒரு டவுன்ஷிப். நூறு வருஷத்துக்குள் மாவட்டத்துக்கு மாவட்டம் தடித்தடிப் புத்தகங்கள்; அதில் டவுன்ஷிப்புக்கு ஓர் அத்தியாயம். முதலில் குடியேறியவர் யார், மாவு மில் எங்கே, ஸ்கூல் எப்போது வந்தது... சுவாரஸ்யம் கம்மிதான். ஆனால் ராஜா கிடையாது. ஊர்தான் ஹீரோ.

நம்மிடம் நேர் எதிர். கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 250 வருஷம் தலைநகரம். இன்று அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், ஒரு கிராமம். இதைப் பற்றி நம்மில் பலர் படித்தது அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'தான். 'கல்கி'யில் தொடராக வந்து, 1963-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. படித்து முடித்தால் ராஜேந்திரன் மனசில் நிற்கிறார், ஊர் நிற்பதில்லை. நாவலைக் குறை சொல்லிப் பயனில்லை. வரலாற்று நூல்களே பெரும்பாலும் 1279-ல் சோழர் ஆட்சி முடிந்ததும் மூட்டை கட்டிவிடுகின்றன. அப்புறம் அங்கே ஆளே இல்லையா என்ன?

இருந்தார்கள். நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' கிடைத்தால், அவர் எடுத்துப் போட்டிருக்கும் 1855-ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்றைத் தேடிப் படியுங்கள். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். கல் வேண்டுமே? கோயில் மதிலைப் பிரித்தார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் மிச்சம். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்றார்கள். அந்த வாக்கு காற்றோடு போச்சு.

கீழணைத் தண்ணீர் கிழக்கே வீராணத்துக்குப் போகிறது. கல் கொடுத்த ஊர் வடக்கே மேட்டில். அதற்கென்று ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம்தான் இன்றைய பொன்னேரி. கங்கை வெற்றிக்குத் தண்ணீரால் நட்ட தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கும் ஏரி. 1855-லேயே அது தூர்ந்து, காடு மண்டிக் கிடந்திருக்கிறது. ஊர் ஏன் சுருங்கியது என்பதற்கு, போர்களோடு இந்த ஏரியையும் கேட்க வேண்டும்.

சுற்றிலும் உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர். பஸ் போர்டிலேயே வரலாறு! மாளிகைமேட்டில் தோண்டியபோது அரண்மனையின் செங்கல் சுவர்கள் கிடைத்தன. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது கோயில். ஊர்ப் பெயர்களுக்குப் பட்டியல் கிடையாது. நாளைக்கு 'நகர்', 'காலனி' என்று மாற்றிவிட்டால் கேட்பாரில்லை.

ஆகவே, இனி இந்த ஊரைப் பற்றிய புத்தகம் எதை வாங்கினாலும், 1836 என்ற வருஷம் இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அது ராஜா கதை. தாராளமாகப் படிக்கலாம், ஊர்க் கதை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.