சேற்றை விட்டுவிட்டு எழுதிய வரலாறு

துறைமுகக் கம்பெனிகளைப் பற்றித் தேடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே அலமாரிக்குத்தான் போய்ச் சேருகிறோம். ஹாங்காங், ஷாங்காய், மற்ற சீன ஒப்பந்தத் துறைமுகங்கள் பற்றி ஆர்னால்ட் ரைட் தொகுத்து 1908-ல் வந்த தலையணைப் புத்தகம் அங்கே இருக்கும். (இலங்கைக்கும் 1907-ல் இதே மாதிரி ஒன்று போட்டார்.) ஆபீஸ் கட்டடத்தின் படம், மேனேஜரின் மீசை, என்னென்ன வியாபாரம். தேதி பார்க்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நடையே பின்னால் வந்த கம்பெனி வரலாறுகளுக்கும் தொற்றிக்கொண்டது. நான்கு வெள்ளைக்காரர்களின் முயற்சியில் ஒரு தொழில் முளைத்தது என்கிற கதை.

தியான்ஜினின் டாகு டக் அண்ட் லைட்டர் கம்பெனியை இந்த நடையில் எழுதினால் ஒன்றுமே புரியாது. ஏன்னா, அந்தத் தொழிலுக்கு முதல் போட்டது சேறு.

1860-ல் தியான்ஜின் அந்நிய வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஊர் கடலோரத்தில் இல்லை. ஹாய் ஆற்றில் வளைந்து வளைந்து வெகுதூரம் உள்ளே போக வேண்டும். ஆற்று வாயில் டாகு திட்டு. 1859-ல் பிரிட்டிஷ் படை அங்கே தோற்றுத் திரும்பியதற்குக் கோட்டைப் பீரங்கிகளோடு அந்தச் சேறும் ஒரு காரணம். பெரிய கப்பல் திட்டுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். தட்டையான அடி கொண்ட லைட்டரில் சரக்கை இறக்கி, இழுவைப் படகு கட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் அதுவும் கிடையாது. 1888-ல் டாங்கு வழியாக ரயில் வந்ததும் லைட்டரிலிருந்து நேரே வண்டிக்கு மாற்ற முடிந்தது.

இனிமேல்தான் சுவாரசியம். 1890-களில் ஆறு தூர்ந்துகொண்டே போய், 1898 வாக்கில் நீராவிக் கப்பல் எதுவும் ஊர்ப் படித்துறைக்கு வர முடியாத நிலை. வணிகர்களுக்கு அது பேரிடி. லைட்டர்காரருக்கு? மேலே வர முடியாத ஒவ்வொரு கப்பலும் அவருக்கு வாடிக்கை. 1897-ல் அமைந்த ஹாய் ஆற்றுப் பராமரிப்பு ஆணையம் பிற்பாடு வளைவுகளை வெட்டி நேராக்கியபோது, ஊருக்கு லாபமானது இந்தத் தொழிலின் வரும்படியில் கைவைக்கும் வேலையும்தான். இந்த முரணைத் தொடாத கம்பெனி வரலாறு வெறும் விளம்பரம் என்றே சொல்வேன்.

1900-ல் பாக்ஸர் போருக்கு வந்த எட்டு நாட்டுப் படைகளும் திட்டுக்கு வெளியே கப்பலை நிறுத்தி, லைட்டர்களிலும் இழுவைப் படகுகளிலும்தான் கரை சேர்ந்தன. ராணுவ வரலாறுகளில் ஜெனரல்கள் பெயர் பெயராக வருகிறார்கள். படகைச் செலுத்தியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் 'கூலிகள்' என்ற ஒரே பன்மைக்குள் அடக்கம். ரைட்டின் புத்தகத்தில் மீசை இருந்தவருக்கு மட்டும் பெயர் இருந்ததுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே கம்பெனியின் பங்குதாரர் பட்டியலை விட, ஆணையத்தின் ஆண்டறிக்கைகளில் திட்டின் மேல் எத்தனை அடித் தண்ணீர் என்று வருகிற எண்களைத்தான் முதலில் எடுத்து வைப்பேன். திட்டைத் தாண்டி ஆழ்கடல் கப்பலே வந்து நிற்கும்படி ஜப்பானியர் 1940 வாக்கில் டாங்குவில் புதுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். சீன அரசு அதைச் சீர்செய்து 1952-ல் திறந்தது. இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தை அங்கேதான் தேட வேண்டும், லண்டன் ஆபீஸ் கோப்புகளில் மட்டும் இல்லை.