மாதிரிக் கப்பலின் பலகை வரிகள்

மரத்தில் செய்த மாதிரிக் கப்பலில் பாய்மரமும் கயிறும் பீரங்கியும் எவர் கண்ணையும் இழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் குனிந்து, நீர்மட்டத்துக்குக் கீழே உடற்பகுதியை மூடியிருக்கும் பலகைகளைப் பார்ப்பார்கள். செய்தவரின் தேர்ச்சி அங்கேதான் வெளிப்படும். கயிற்றில் நேர்ந்த பிழையை அவிழ்த்துக் கட்டலாம். பலகை வரி ஒன்று கோணினால் அதன் மேல் வரும் வரிகள் எல்லாம் கோணும்.

சிக்கலின் வேர் கப்பலின் வடிவத்தில் இருக்கிறது. உடல் நீளவாக்கிலும் வளைகிறது, குறுக்குவாக்கிலும் வளைகிறது. ஏரா எனப்படும் அடிமரத்திலிருந்து தளத்தின் விளிம்புவரை ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அளந்தால், நடுக்கப்பலில் 120 மி.மீ. வரும் சுற்றளவு அணியம் எனப்படும் முன்முனையில் 72 மி.மீ. ஆகச் சுருங்கியிருக்கும். இரண்டு இடங்களிலும் ஓடுபவை அதே 20 வரிகள் என்றால், நடுவில் 6 மி.மீ. அகலமுள்ள பலகை முன்முனையில் 3.6 மி.மீ. ஆக வேண்டும். பரங்கிக்காயின் கீற்றுகளைப் போல, ஒவ்வொரு பலகையும் முனையை நோக்கி ஒடுங்கியாக வேண்டும். ஒரே அகலப் பட்டைகளை அப்படியே ஒட்டிக்கொண்டு போனால் அவை அணியத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; பின்பகுதியில் இடைவெளி விடும்.

பலகைக்கு முன் எலும்புக்கூடு சரியாக வேண்டும். விலா எலும்புகள் போன்ற வங்குகளின் வெளிவிளிம்பு, பலகை படியும் சாய்வுக்கு ஏற்ப இழைக்கப்படுகிறது. மெல்லிய சட்டம் ஒன்றை வளைத்து வைத்தால் எல்லா வங்குகளையும் தொட்டபடி அது வழுக்கிச் செல்ல வேண்டும். ஏராவிலும் முன்தூணிலும் பலகையின் ஓரம் பதிய ஒரு காடி வெட்டப்படுகிறது. பிறகு, உடலின் அகன்ற பகுதியைச் சுற்றி ஓடும் தடித்த கச்சைப் பலகைகள் பொருத்தப்படும். நடுவில் தாழ்ந்து இரு முனைகளிலும் உயரும் அந்த வளைவே கப்பலின் தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. கச்சைக்கும் ஏராவுக்கும் இடைப்பட்ட பரப்பை நான்கைந்து பட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டிக்குள்ளும் பலகைகளின் அகலத்தை வங்குக்கு வங்கு குறித்துக்கொண்டால் கணக்குப் பிழை ஒரு பட்டியைத் தாண்டிப் பரவாது.

எந்தப் பலகையும் தன் முழு அகலத்தில் பாதிக்குக் கீழே ஒடுங்கக் கூடாது என்பது தச்சு மரபு. நிஜக் கப்பலில் அவ்வளவு குறுகிய முனை ஆணியைத் தாங்காது, பிளந்துவிடும். முன்முனையில் இடம் போதாதபோது ஒரு பலகையை முன்தூணுக்குச் சற்று முன்பே நிறுத்தி, அடுத்த பலகையை அகலமாக வெட்டி இரண்டின் இடத்தையும் அதற்கே கொடுப்பார்கள். பின்பகுதியில் இடம் மிஞ்சினால் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை இடையே செருகுவார்கள். மிகவும் சோதிப்பது ஏராவை ஒட்டிய முதல் பலகை. முன்தூணின் வளைவோடு அதை மேலே ஏறவிட்டால் மற்ற வரிகள் எல்லாம் அணியத்தில் நெருங்கித் திணறும். அது தாழ்வாகவே முடிய வேண்டும்.

வளைப்பதும் தனிக் கலை. பட்டையைத் தட்டைவாக்கில் வளைப்பது எளிது. விளிம்புவாக்கில் வளைத்தால் மரம் முரண்டு பிடிக்கும், ஒரு ஓரம் வங்கை விட்டு எழும்பும். ஆகவே வளைவான பலகையை அகன்ற தகட்டிலிருந்து அதே வடிவில் வெட்டி எடுப்பது நிஜக் கப்பல் தச்சர்களின் முறை. பட்டையை நனைத்துப் பிடிப்பானில் இறுக்கிச் சூடேற்றுவது இன்னொரு முறை. வெப்பத்தில் மரநாரின் பிணைப்பு இளகும், ஆறியதும் புது வடிவத்தில் இறுகும். நெடுநேரம் ஊறவைத்தால் மரம் உப்பி, ஒட்டிய பின் சுருங்கி இடைவெளி காட்டும்.

மரத் தேர்விலும் அளவுக்கேற்ற நியாயம் உண்டு. நிஜக் கப்பலுக்கு ஓக் மரம் பொருந்தியது. சிறு அளவில் அதன் துளைகள் விரிசல்களாகத் தெரியும். அதனால் நுண்ணிய ரேகையுள்ள பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் விரும்பப்படுகின்றன.

1:48 அளவில் ஓர் அடி 6.35 மி.மீ. ஆகிறது, 24 அடிப் பலகை 152 மி.மீ. நீளம்தான். ஆகவே ஒரு வரிக்குப் பல துண்டுகள் வேண்டும், அவற்றின் இணைப்புகள் சிதறி விழ வேண்டும். அடுத்தடுத்த வரிகளின் இணைப்புகளுக்கு இடையே குறைந்தது 5 அடி தூரம், ஒரே வங்கில் இரண்டு இணைப்புகள் வந்தால் நடுவே மூன்று வரிகள் என்பது கப்பல் தச்சின் பழைய விதி. இணைப்புகள் ஒரே இடத்தில் குவிந்தால் உடல் அங்கே பலவீனப்படும். நல்ல மாதிரியில் இந்தச் சிதறல் படிக்கட்டு போன்ற ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வரும். பலகையை வங்கோடு பிணைக்கும் மர ஆணி நிஜக் கப்பலில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் தடித்தது; மாதிரியில் அது 0.7 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. மூங்கில் சிம்பை எஃகுத் தகட்டின் துளைகள் வழியே, பெரியதிலிருந்து சிறியதாக, இழுத்து அதைச் செய்வார்கள். அதன் நிறம் பலகையோடு ஒத்துப்போக வேண்டும். எடுப்பாகத் தெரிந்தால் உடலெங்கும் புள்ளி மயம். நீர் புகாதபடி கலப்பற்று அடித்து அடைத்த மூட்டைக் காட்ட, பலகையின் ஒரு விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட, கடற்படை நிர்வாகக் குழுவின் பெயரால் அறியப்படும் நேவி போர்டு மாதிரிகள் வேறு வழியில் போயின. கச்சைக்கு மேலே பலகை, கீழே திறந்த வங்குகள் என்பது அவற்றின் வழக்கம். கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திலும் அனாபொலிசில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காணலாம். முழுக்க மூடும் மாதிரி நேர்மாறானது. நிஜக் கப்பலில் மறைந்துபோனதை அது வெளியே காட்டுகிறது. 1765இல் மிதக்கவிடப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியின் அடிப்பகுதி 1780இல் செப்புத் தகட்டால் மூடப்பட்டது. அப்படி மறைந்த பலகை வரிகளை மாதிரி வெறும் மரமாகக் காட்டும்.

வரிகள் எல்லாம் பதிந்த பின் தேய்த்து எண்ணெய் பூசும்போது மரத்தின் நிறம் ஆழ்ந்து, மூட்டுகள் தெளியும். வேலையின் தரத்தை அறிய, பக்கவாட்டில் விளக்கை வைத்து, அணியத்திலிருந்து ஒரு மூட்டைக் கண்ணால் பின்தொடரலாம். பலகைகளின் அகலம் படிப்படியாகவே மாற வேண்டும். இடது வலது பக்கங்களில் வரிகள் முன்தூணை ஒரே உயரத்தில் தொட வேண்டும். மேடு பள்ளம் நிழலில் தெரியக் கூடாது. கோடு எங்கும் தயங்காமல் பின்தூண்வரை போய்ச் சேர்ந்தால் பலகை வேலை தேறியது.