இரண்டு மாவட்டங்கள், ஒரே விழுப்புரம்

திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கினால் இரும்பை பக்கம்தான். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலும் ஓர் ஏரியும் இந்த ஊரின் அடையாளங்கள். சற்றுத் தள்ளி ஆரோவில்லின் செம்மண் பாதைகள் தொடங்குகின்றன. கோயிலுக்கு வருகிறவர்களும் ஆரோவில் பார்க்க வருகிறவர்களும் வந்து போகும் இந்தச் சின்ன ஊரில் நின்றுகொண்டு, ‘இங்கே அரசாங்கம் யார்?’ என்று ஒருவர் கேட்டால் லேசில் பதில் கிடைக்காது.

தெருவிளக்கு எரியவில்லையா? ஊராட்சித் தலைவரைப் பார்க்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் அவர்தான், அல்லது மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டர். தொடக்கப்பள்ளியின் ஓடு உடைந்தால் வானூர் யூனியன் ஆபீஸ். அதே பள்ளியில் ஆசிரியர் இல்லை என்றால் பள்ளிக்கல்வித் துறை. பட்டாவுக்கு வி.ஏ.ஓ.வில் தொடங்கி தாசில்தார் வரை நடக்க வேண்டும். ஏரி விஷயம் இன்னும் வேடிக்கை. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆக, கரை உடைந்தால் யாரிடம் ஓடுவது என்பதை ஆயக்கட்டுக் கணக்குதான் சொல்லும். மொரட்டாண்டி சுங்கச்சாவடி டெல்லியிலிருக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில். ஆரோவில்லும் 1988-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அது ஊராட்சியும் கிடையாது, நகராட்சியும் கிடையாது.

இத்தனை பேரில் யாரும் கதவைத் திறக்காதபோது மக்கள் கடைசியாகப் போகும் இடம் ஒன்று உண்டு. விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை குறைதீர் நாள். பாண்டி வழியாகப் பஸ் பிடித்தால் யூனியன் பிரதேசத்துக்குள் நுழைந்து, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து, கையில் மனுவோடு வரிசையில் நிற்க வேண்டும். இந்த வரிசையின் நீளம்தான் நம் மாவட்ட நிர்வாகத்தின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் ஒரே சாட்சி. கலெக்டரிடம் போனால் காரியம் ஆகும் என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. கலெக்டரைத் தவிர வேறு யாரிடம் போனாலும் ஆகாது என்ற நிலைமையும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

விழுப்புரத்தில் உண்மையில் இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியைப் பிரித்துக் கொடுத்தபின் எஞ்சிய வருவாய் மாவட்டம். அதன் தலைவர் கலெக்டர். அவரை நியமிப்பதும் மாற்றுவதும் சென்னை. இன்னொன்று, 28 வார்டு உறுப்பினர்களைக் கொண்ட மாவட்ட ஊராட்சி. அதன் தலைவரை அந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் மாவட்டத்தைத் தெரியாதவர் யாரும் இல்லை. இரண்டாவது மாவட்டத்தின் தலைவர் பெயர் என்ன என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1882-இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் வலுப்பெற்றன. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சத்திரம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு சொந்தமாக ரயில் பாதையே போட்டது. ஒரு மாவட்டத்து உள்ளாட்சி அமைப்பு ரயில் விட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 1950-களின் இறுதியில் ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. மாவட்ட அளவில் மிஞ்சியது கலெக்டர் தலைமையில் ஆலோசனை சொல்லும் ஒரு மன்றம். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மாவட்ட ஊராட்சி என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தன. பழைய போர்டின் அதிகாரம் மட்டும் திரும்பவில்லை. வரி போடும் உரிமை மூன்று அடுக்குகளில் கிராம ஊராட்சிக்கு மட்டுமே உண்டு. மாநில நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குத் தரும் பணத்தில் மாவட்ட ஊராட்சிக்கு 8 விழுக்காடு. 688 கிராம ஊராட்சிகள், 13 ஒன்றியங்கள், 2011 கணக்குப்படி ஏறக்குறைய 21 லட்சம் மக்கள் உள்ள மாவட்டம் இது. ஒரு மாவட்ட வார்டு உறுப்பினரின் பங்குக்குச் சராசரியாக 24, 25 ஊராட்சிகள் விழுகின்றன. அத்தனை ஊருக்கும் அவர் செய்யக்கூடியது ஒரு சிமென்ட் சாலை, ஒரு நிழற்குடை.

கலெக்டர் முறையை ஒரே வீச்சில் வெள்ளைக்காரன் மிச்சம் என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அந்த இரவில் மின்வாரியம், காவல், தீயணைப்பு, சுகாதாரம், வருவாய் எல்லாவற்றையும் ஒரே குரலில் அழைக்கக்கூடிய ஒருவர் மாவட்டத்தில் தேவை. 28 பேர் கூடித் தீர்மானம் போட நேரம் இருக்காது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளை இன்னொரு சான்றாகச் சொல்லலாம். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிகள் அங்கே 1996 முதல் பத்தாண்டுகள் முடக்கப்பட்டுக் கிடந்தன. 2006-இல் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசித் தேர்தலை நடத்திக் காட்டினார். ஊர்ப் பெரும்பான்மையே ஊராட்சியை முடக்கும்போது, ஊருக்கு வெளியிலிருந்து வரும் ஒருவர்தான் பூட்டைத் திறக்க முடிகிறது.

ஏனென்றால் உள்ளூர் ஆட்சி என்றதும் அது தானாகவே நல்லாட்சி ஆகிவிடுவதில்லை. பழைய தென்னார்க்காட்டின் இன்னொரு துண்டான கடலூர் மாவட்டத்தில், தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் நாடு முழுக்கப் பரவியது. அப்போதும் நடவடிக்கை மாவட்ட நிர்வாகத்திடமிருந்துதான் வந்தது.

ஆனால் அதே புயல் இன்னொன்றையும் காட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். வெள்ளம் வந்தது விழுப்புரத்துக்கும் கடலூருக்கும். முன்னெச்சரிக்கை போதுமா என்று சட்டமன்றம் வரை சண்டை நடந்தது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்கை கலெக்டர் ஆபீஸ் வரை வந்ததா என்பது ஒரு கேள்வி. அங்கிருந்து ஆற்றங்கரை ஊராட்சித் தலைவரின் செல்போன் வரை போனதா என்பதுதான் உயிர் போகும் கேள்வி. மறுநாள் இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அந்த மக்கள் கோபத்தைக் காட்ட அவர்களுக்கு அருகில், அதிகாரமுள்ள, அவர்கள் ஓட்டுப் போட்ட மாவட்டத் தலைவர் என்று யாரும் இல்லை. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் என்ற நிவாரண முடிவும் சென்னையில்தான் எடுக்கப்பட்டது.

அவசரத்துக்கு என்று கொடுத்த அதிகாரம் அன்றாடத்துக்கும் பரவிவிட்டதுதான் சிக்கல். ஊராட்சித் தலைவர்கள் இரண்டு எண்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: 203, 205. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவைப் பயன்படுத்தினால் தலைவரின் ‘செக் பவர்’ போகும், கையெழுத்து பி.டி.ஓ.விடம் மாறும். 205-ஆம் பிரிவில் பதவியே போகும். தாசில்தார் ஊராட்சி மன்றத்தைக் கூட்டிக் கருத்துக் கேட்பார், ஆனால் கடைசி முடிவு கலெக்டருடையது. மோசடிக்காரத் தலைவர்களைத் தடுக்க இப்படி ஒரு கத்தி தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான ஓட்டு வாங்கி வந்தவரை ஓர் அதிகாரி இறக்கலாம், அந்த அதிகாரியைக் கேள்வி கேட்க மாவட்டத்தில் ஒரு மன்றமும் கிடையாது என்றால் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கர்நாடகத்தில் 1987-இல் ஜில்லா பரிஷத்துகள் வந்தபோது ஊரக வளர்ச்சி அமைச்சர் நசீர் சாப் செய்தது நேர் எதிர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கு இணை அமைச்சர் அளவு மதிப்பு, அவருக்குக் கீழே வேலை செய்யக் கலெக்டரைவிட மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை, ஆனால் முடியாத காரியம் என்று சொல்ல இனி இடமில்லை. கேரளத்தில் மாவட்ட மருத்துவமனையே மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது.

அமெரிக்கக் கவுண்டிகளில் ஷெரீஃபைக்கூட மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கத்தி ஒருவரிடமும் கணக்கு இன்னொருவரிடமும் இருந்தாலே போதும்.

நகரங்களின் கதைக்கு வருவோம். விழுப்புரத்துக்கு 42 வார்டு, திண்டிவனத்துக்கு 33, 2021-இல் பேரூராட்சியிலிருந்து உயர்ந்த கோட்டக்குப்பத்துக்கு 27. இந்த மூன்று நகராட்சிகளும் ஊராட்சிகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கோட்டக்குப்பம் எங்கே முடிகிறது, பாண்டி எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நிர்வாகக் குழாய்கள் மூன்று வெவ்வேறு திசையில் சென்னைக்குப் போகின்றன. நகராட்சிக்கு ஓர் இயக்குநரகம், பேரூராட்சிக்கு ஒன்று, கிராமத்துக்கு ஊரக வளர்ச்சி. திண்டிவனத்துக்குப் புதிய பேருந்து நிலையம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். திண்டிவனத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பங்கு ஒலக்கூர், மயிலம், மரக்காணம் பக்கத்துக் கிராமத்து ஜனம். எங்கே கட்டுவது, எந்தப் பஸ் உள்ளே வர வேண்டும் என்று தீர்மானிக்கும் மன்றத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் இல்லை. நகரத்தின் குப்பை கிராமத்துக்கு வருவதும், கிராமத்தின் நிலத்தடி நீர் டேங்கர் லாரியில் நகரத்துக்குப் போவதும் இதே கதையின் வேறு பக்கங்கள். கிராமத்தை நகரத்தோடு இணைத்துவிடலாம் என்பது அரசுக்குப் பிடித்த தீர்வு. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்க அந்த அறிவிப்பு வந்ததும் பல ஊர்களில் எதிர்ப்புக் கிளம்பியது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்ற பயம் கற்பனை கிடையாது.

ஊரும் நகரமும் ஒரே மேசையில் உட்காரச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது: அரசியல் சட்டத்தின் 243 இசட்.டி. பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழு. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகராட்சி மன்றங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அதன் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர். துணைத் தலைவர்தான் கலெக்டர். காகிதத்தில் இவ்வளவு அழகான அமைப்பு வேறு கிடையாது. இரண்டு மாவட்டங்களும் சந்திக்கும் ஒரே இடம் இது. வரிசை மாறி உட்காரும் இடமும் இதுதான். ஆனால் அதற்குச் சொந்த நிதி இல்லை. வந்த திட்டங்களைக் கோத்து மேலே அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. அனுப்பியதைச் சென்னைத் துறைகள் ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கலெக்டர் பதவியை ஒழிக்கத் தேவையில்லை. புயலும் சாதிப் பூட்டும் இருக்கும்வரை அந்த நாற்காலி வேண்டும். ஆனால் பேருந்து நிலையம், குப்பைக் கிடங்கு, ஏரி, நகரத்தை ஒட்டிய நிலம் ஆகிய நான்கில் மட்டுமாவது மாவட்டத் திட்டக் குழுவின் முடிவே இறுதி என்று சட்டம் சொல்லட்டும். மாவட்ட ஊராட்சியின் பங்கை 8 விழுக்காட்டிலிருந்து உயர்த்தட்டும். ஒரு ஊராட்சித் தலைவரின் செக் பவரைப் பறிக்கும் முன் கலெக்டர் அந்தக் குழுவிடம் காரணம் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் முதலில் மன்றங்கள் இருக்க வேண்டும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாவட்டம் பிரிந்த காரணத்தால் 2019 டிசம்பர் தேர்தலும் விழுப்புரத்துக்கு வராமல் போனது. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் ஊரக வாக்குப்பதிவு நடந்தது. அந்த ஐந்து ஆண்டும் இரும்பை உட்பட எல்லா ஊராட்சிகளும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று 14-ஆவது நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதியை மத்திய அரசு நிறுத்தியும் வைத்தது. எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் நிலைமை இன்னும் மோசம்: 1968-க்குப் பிறகு ஒரே ஒரு முறை, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற விழுப்புரத்து ஊரக மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243 இ பிரிவு.