பாலையும் பயணக் கட்டுரையும்

பயண இலக்கியம் தமிழுக்குப் புதியதன்று. வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்கு வழி சொல்லும் முறையை ஆற்றுப்படை எனப் பெயரிட்டு, அதனைத் தனித் துறையாகவே வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. ஆயினும் இன்று தமிழில் வெளிவரும் பயணக் கட்டுரைகளை, அவற்றுள்ளும் அமெரிக்கப் பாலை நிலத்துப் பெரும்பள்ளத்தாக்குகளைப் பற்றிய கட்டுரைகளைப் படிப்போர்க்கு, அந்த மரபு எங்கே போயிற்று என்ற வினா எழாமல் இராது.

இக்கட்டுரைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. விமானத்தில் இறங்குவர், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ளே அமைந்த வீட்டு ஊர்தி ஒன்றை வாடகைக்கு எடுப்பர். அமெரிக்கர் இதனை ‘ஆர்.வி.’ எனச் சுருக்கி அழைப்பர். நெடுஞ்சாலையின் அகலம் வியக்கப்படும். யூட்டா மாநிலத்துச் சயன் தேசியப் பூங்காவும், அரிசோனா மாநிலத்துக் கிராண்ட் கேன்யனும் வரும். விளிம்பில் நின்றதும், ‘வருணிக்கச் சொற்கள் இல்லை’ என்ற வாக்கியம் தவறாமல் வரும். பிறகு சூரியன் மறையும், கட்டுரையும் முடியும்.

சொற்கள் இல்லையெனில் எழுதுவானேன் என்று வாசகன் கேட்டால் அதனைக் குற்றமாகக் கொள்ள முடியாது. சொற்களைத் தேடித் தருவதே எழுத்தாளன் ஏற்றுக்கொண்ட கடமை. வியப்பு உணர்ச்சியே அன்றி இலக்கியம் ஆகாது. கண்டவனுக்கு ஏற்பட்ட வியப்பைக் காணாதவன் உணருமாறு செய்வதுதான் இலக்கியம்.

அந்தக் காணாதவன் யார் என்பதை முதலில் எண்ண வேண்டும். வட சிலாங்கூரில், ரவாங் செரண்டா வட்டாரத்துச் சுங்கை சோவில் வாழும் தமிழ் வாசகரை எடுத்துக்கொள்ளலாம். இரப்பரும் செம்பனையும் சூழ்ந்த மண் அது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாடு இது. கிராண்ட் கேன்யனின் அடித்தளத்திலோ ஆண்டு மழை சராசரியாக 250 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. மழையில் பிறந்து மழையில் வளர்ந்த வாசகருக்கு, மரமற்ற செம்பாறை நிலத்தை ‘அற்புதம்’, ‘பிரமாண்டம்’ என்னும் இரு சொற்களால் காட்டிவிட முடியுமா?

அளவைச் சொல்வது ஒரு வழி. ஆனால் அளவும் வாசகரின் மண்ணில் ஊன்றி நிற்க வேண்டும். கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமுடையது என்பதைவிட, கோலாலம்பூரிலிருந்து அலோர் ஸ்டார் செல்லும் சாலையின் நீளத்திற்கு ஏறத்தாழ நிகரான பிளவு என்றால் மலேசியத் தமிழர் உடனே உணர்வர். அதன் ஆழம் 1,600 மீட்டருக்கும் மேல். பத்துமலையில் 2006ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அத்தகைய சிலைகள் முப்பத்தேழினை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும், அடியில் ஓடும் கொலராடோ ஆற்றிலிருந்து மேல் விளிம்பை எட்டா. இவ்வாறு சொல்லும்போது எண் காட்சியாகிவிடுகிறது.

கண் மட்டும் போதாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1540ஆம் ஆண்டில் ஹோப்பி இனத்து வழிகாட்டிகளின் துணையோடு இப்பள்ளத்தாக்கை அடைந்த ஸ்பானியர், மேலிருந்து பார்த்து, அடியில் ஓடும் ஆறு சில அடி அகலமே இருக்கும் என்று மதிப்பிட்டனர். மூவர் இறங்கிப் பார்க்க முயன்று, மூன்றில் ஒரு பங்கு தொலைவே சென்று திரும்பினர். மேலிருந்து ஆளுயரமாகத் தோன்றிய பாறைகள் செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தினும் உயர்ந்தவை என அறிவித்தனர். தாம் அறிந்த ஒரு கோபுரத்தை அளவுகோலாக்கியதால், அவர்தம் குறிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. கால் இறங்கிய அளவே சொல்லும் இறங்கிற்று எனலாம்.

இவ்விடத்தில் தமிழ்க் கட்டுரையாளர் பலரும் தடுக்கி விழும் மற்றோர் இடத்தைச் சுட்ட வேண்டும். அப்பள்ளத்தாக்கினுள் உயர்ந்து நிற்கும் பாறைக் குன்றுகளுள் ஒன்றுக்கு விஷ்ணு கோயில் என்றும், மற்றொன்றுக்குச் சிவன் கோயில் என்றும் பெயர். அடியிலுள்ள மிகப் பழைய பாறைக்கும் விஷ்ணு பாறை என்றே பெயர். அதன் வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள். இப்பெயர்களைக் கண்டதும் கட்டுரையாளர் மெய்சிலிர்த்து, இந்து சமயம் அங்கும் பரவியிருந்தது என்பதுபோல் எழுதிவிடுகின்றனர். உண்மை வேறு. அக்குன்றுகளுக்கு அப்பெயர்களை இட்டவர் கிளாரன்ஸ் டட்டன் என்னும் அமெரிக்க நிலவியல் அறிஞர். அப்பகுதியின் நிலவியலைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1882இல் வெளிவந்தது. கீழைநாட்டுக் கோயில்களின் அடுக்கடுக்கான தோற்றத்தை அப்பாறைகளில் கண்ட ஓர் அறிஞரின் கற்பனை அது, அவ்வளவே. பெயரைக் கண்டு பெருமை கொள்ளும் எழுத்தாளர், அப்பெயர் வருமுன் அந்த நிலத்தில் வாழ்ந்தவர் அதனை எவ்வாறு அழைத்தனர் என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய வினா அதுவே. அங்கே மக்கள் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினருக்கு அப்பள்ளத்தாக்கும் அதன் மேல்நிலமும் வேட்டைக்கும் வேளாண்மைக்கும் உரிய வாழ்விடம். 1882இல் அவர்கள் 518 ஏக்கர் நிலத்தினுள் ஒடுக்கப்பட்டனர். 1919இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் நடுவே நீரூற்றும் நிழலும் உள்ள ஓரிடத்தில் பயிர் செய்துவந்த அவ்வினத்தின் கடைசிக் குடியிருப்பாளர் 1928இல் அகற்றப்பட்டார். நெடிய போராட்டத்திற்குப் பிறகு, 1975இல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் நிலம் அவர்களுக்கு மீட்டளிக்கப்பட்டது. அந்த நீரூற்றுத் தோட்டம் ‘ஹவசுப்பாய் தோட்டம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது 2022இல்தான். இன்று நடந்து இறங்கும் பயணிகள் இளைப்பாறுவது அவ்விடத்திலேயே. அங்கே நிழலைப் புகழ்ந்துவிட்டு, நிழல் தந்த மரத்தடியில் வாழ்ந்தவரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் திரும்பும் கட்டுரையைக் குறையுடையது என்றே கொள்ள வேண்டும்.

இக்குறையைச் சுங்கை சோ வாசகர் மற்றவரினும் விரைந்து உணர்வர். ஆங்கில நிறுவனப் பெயர் ஒன்றும், தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றுமாக இரு பெயர் தாங்கிய தோட்டங்கள் இந்நாட்டில் பல. 1950களில் தோட்டத் துண்டாடல் தொழிலாளரை லயங்களிலிருந்து பெயர்த்தது. அதற்கு மாற்றாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோதும் பெயர்ச்சி தொடர்ந்தது. அண்மையிலுள்ள பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டது. அப்பள்ளங்களில் நீர் நிறைந்து இன்று அவை அழகிய குளங்களாகத் தோன்றுகின்றன. அழகை மட்டும் காண்பவர் அங்கே சிந்திய வியர்வையைக் காணார். இவற்றை அறிந்த வாசகரிடம், ஆளற்ற அழகாக ஒரு நிலத்தைக் காட்டும் எழுத்து நெடுநாள் நிற்காது.

பழந்தமிழ் இலக்கியம் பாலையை ஆளற்ற நிலமாக ஒருபோதும் காட்டியதில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. அதன்படி பாலை நிலையான இடம் அன்று; நிலத்திற்கு நேர்ந்த ஒரு நிலை. அதற்குரிய ஒழுக்கமும் பிரிவு. அகநானூற்றின் நானூறு பாடல்களுள் ஒற்றைப்படை எண்ணுடைய இருநூறும் பாலைத்திணைப் பாடல்கள். அவற்றில் வெயிலும் பாறையும் உலர்ந்த மரமும் உண்டு. ஆனால் அவ்வழியே பொருள் தேடிச் செல்லும் ஒருவனும், வீட்டில் அவனை எண்ணி வருந்தும் ஒருத்தியும் இன்றிப் பாலை அங்கே இல்லை. கடல் கடந்து பிழைக்க வந்தவரின் வழித்தோன்றல்களுக்குப் பாலை இலக்கணம் மட்டும் அன்று, குடும்ப வரலாறு.

மலைபடுகடாம் இன்னும் தெளிவான பாடம். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய இந்நூல் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இயல்பைக் கூறுவது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு கரந்து கிடக்கும் இடம், தினைக்காவலர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம், கால் வழுக்கும் நீர்த்துறை ஆகிய அனைத்தையும் அது எச்சரிக்கிறது. எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறது. மலையின் அழகும் அதில் நிறைய உண்டு. ஆனால் அழகு வழியோடு சேர்ந்தே வருகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய கட்டுரைகளை நோக்கினால், அவை விட்டுவிடுபவை தெரியும். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பிலிருந்து வடவிளிம்பு பறவைக்கு 16 கிலோமீட்டர். வண்டிக்கோ ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வடவிளிம்புச் சாலை பனிக்காலத்தில் மூடப்படும். அங்கிருந்த பழைய விடுதி 2025ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் அழிந்தது. ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏற முயலற்க எனப் பூங்கா நிருவாகம் எச்சரிக்கிறது. ஏனெனில் இறக்கம் எளிது, ஏற்றமே கொல்வது. சயனில் 1930இல் திறக்கப்பட்ட மலைச்சுரங்கச் சாலை அக்காலத்துச் சிறு வண்டிகளுக்கு அமைந்தது. இன்றைய பெரிய வீட்டு ஊர்திக்கு இடங்கொடாது. இவற்றைச் சொல்வது கட்டுரையின் தரத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.

ஊர்தியின்மேல் பழி சுமத்துவதும் பொருந்தாது. பூங்காக்களுள் மோட்டார் வண்டிகளை அனுமதிக்கலாகாது என எட்வர்ட் ஆபி 1968இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார். சயன் பள்ளத்தாக்கின் உள்சாலையில் 2000ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகும் பருவங்களில், தனியார் வண்டிகளுக்கு மாறாகப் பூங்காப் பேருந்துகளே ஓடுகின்றன. ஆபியின் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் சிட்டியும் தி. ஜானகிராமனும் 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’க்காகக் காரில் சென்றவர்களே. வண்டியில் சென்றும் ஆற்றங்கரையில் இறங்கி, ஊராரோடு பேசி, வரலாற்றையும் இசையையும் வாழ்வையும் ஆற்றோடு சேர்த்துப் பார்த்தமையால் அது இலக்கியமாயிற்று. ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ. கே. செட்டியாரும் காட்சியை அலங்கரிப்பதினும் சந்தித்த மனிதரை எளிய உரைநடையில் காட்டுவதையே விரும்பினார்.

வீட்டு ஊர்தியில் வேறொரு வாய்ப்பும் உண்டு. ஆற்றுப்படையின் கூத்தன் அடுத்த ஊரின் விருந்தை நம்பி நடந்தான். ஊர்தியில் செல்பவர் வீட்டையே உடன் கொண்டு செல்வதால் எவர்க்கும் விருந்தினர் ஆவதில்லை, அது இழப்பு. ஆனால் தொட்டியில் உள்ள நீரைக் குவளை குவளையாக எண்ணிச் செலவிடும்போது பாலையின் உண்மை அவர் கைக்கு எட்டுகிறது. லயத்துக் குழாயடியில் வாளிகளோடு வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்தக் கணக்கு நன்கு தெரியும். அந்த ஒன்றை எழுதினாலே தொலைவிலுள்ள பள்ளத்தாக்கு சுங்கை சோவுக்கு அருகில் வந்துவிடும். கட்டுரையாளரோ அதனைச் சிறு தொல்லையெனக் கருதி விட்டுவிடுகின்றனர்.

ஆதலின் பாலைப் பயணத்தை எழுதப் புகுவோர் மூன்று வினாக்களை முன்வைத்துக்கொள்ளல் நலம். வழி எத்தகையது? நீர் எங்கே உண்டு? இந்நிலத்தில் யார் வாழ்ந்தனர், இப்போது எங்கே இருக்கின்றனர்? இம்மூன்றுக்கும் விடை கூறும் எழுத்தில் வியப்பு தானே வந்து அமையும். அவ்வாறு எழுதக் கற்றவர், அரிசோனாவிலிருந்து திரும்பிய பின் பத்து ஆராங்கின் குளக்கரையையும் புதிய கண்ணோடு காண்பர். அங்கும் வழி சொல்லப்படாத, பெயர் எழுதப்படாத பயணங்கள் பல காத்துக்கிடக்கின்றன.