பிளாக் லோட்டஸின் மூலைகள்

ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டம் 1993-இல் வெளிவந்தது. அதன் பிளாக் லோட்டஸ் சீட்டில் முதலில் மூலைகளைப் பாருங்கள். முதல் பதிப்பான ஆல்ஃபாவின் மூலைகள், அடுத்து வந்த பீட்டாவைவிட நன்றாக வளைந்திருக்கும். அந்த வளைவைக் கண்டதுமே சேகரிப்பவரின் முகம் மாறும். நடுவில் கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த கருமலர். என்ன அழகு! செலவே இல்லாமல் மேசைக்கு வந்து, தன்னைப் பலிகொடுத்து ஒரே நிறத்தில் 3 மானா தரும்; மற்றச் சீட்டுகளை இறக்கத் தேவைப்படும் ஆற்றல்தான் மானா. அவ்வளவு வலுவானது என்பதால்தான் ஏறக்குறைய எல்லாப் பழைய சீட்டுகளையும் ஏற்கும் வின்டேஜ் ஆட்டத்தில்கூடக் கட்டுக்கு ஒன்றுதான் அனுமதி.

மறுபடி அச்சிட மாட்டோம் என்று விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1996-இல் வாக்குக் கொடுத்த பட்டியலில் இதுவும் உண்டு. ஆட்டத்தின் 30-ஆம் ஆண்டுக்காக 2022-இல் வந்த பிரதிக்குப் பின்புறமே வேறு. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் செல்லாது.

இந்தச் சீட்டின் மதிப்பு இன்னும் பல காலம் நிற்கும் என்றே நம்புகிறேன். முதலீடு என்று இன்று பெட்டி பெட்டியாகப் பூட்டிவைக்கப்படும் புதுச் சீட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். அவற்றைத்தான் எல்லாருமே பத்திரப்படுத்துகிறார்களே. பிளாக் லோட்டஸையோ 1993-இல் பலர் உறைகூடப் போடாமல் கலைத்துப் போட்டு ஆடினார்கள்; ஓரம் வெளுக்காமல் தப்பியவை கொஞ்சம்தான்.