கடிகாரம் சொல்லாத கணக்கு: க்ளென் கூல்டின் இரண்டு ‘கோல்ட்பெர்க்’

முதல் ஒலிப்பதிவு முப்பத்தெட்டரை நிமிடம். இரண்டாவது ஐம்பத்தொரு நிமிடத்துக்குச் சற்று மேல். வாசித்தவர் ஒருவரே, படைப்பும் ஒன்றே, கூடமும் ஒன்றே. யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ படைப்பைக் கனடா நாட்டுப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1955 ஜூனில் நியூயார்க்கில் வாசித்துப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 22. ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்து, பிறகு கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய 30ஆவது தெருக் கட்டடத்தில் அது நடந்தது. 1981 ஏப்ரல், மே மாதங்களில் அதே கூடத்துக்குத் திரும்பி வந்து அதையே மறுபடி வாசித்தார். அப்போது வயது 48.

இரண்டையும் பற்றி இசை உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் தீர்ப்பு ஒன்று உண்டு: இளமையில் வேகம், முதிர்ச்சியில் நிதானம். மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். உருப்படி உருப்படியாகக் கேட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது.

அப்படிக் கேட்க எங்களைத் தூண்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எங்கள் கேட்போர் வட்டத்தில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஒரே படைப்பை ஒரே மாலையில் அவரவர் வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, பிறகு இணையத்தில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வோம். அந்த அம்மா அண்மையில்தான் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துப் பியானோவைக் கேட்டு மயங்கிய சின்ன வயதிலிருந்து மேலைச் செவ்வியல் இசையை வாழ்நாள் முழுவதும் தனியாகவே கேட்டு வந்தவர். வீட்டிலும் வேலை பார்த்த இடத்திலும் இதைப் பற்றிப் பேச அவருக்கு ஓர் ஆள்கூடக் கிடைத்ததில்லை. முதல் கூட்டங்களில் அதிகம் பேசவில்லை. இரண்டு கூல்ட் பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்ட மாலையில் எங்களில் இளையவர் ஒருவர், “பின்னாடி வந்தது ரொம்ப மெதுவா இருக்கும்மா” என்றார். “எந்த இடத்துலப்பா மெதுவா இருக்கு?” என்று கேட்டார் அம்மா. “மொத்தமாவேதான்.” “மொத்தம்னு ஒரு இடம் இல்லையேப்பா. இடத்தைச் சொல்லு, திரும்பக் கேட்போம்.”

கேட்டோம். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படைப்பின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். 1741இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் அச்சானது. இரண்டு கட்டை வரிசை கொண்ட ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டது. தொடக்கத்தில் ‘ஆரியா’ என்ற அமைதியான பாட்டு. அதைத் தொடர்ந்து 30 உருமாற்றங்கள். கடைசியில் அதே ஆரியா மறுபடி. உருமாறுவது பாட்டின் மெட்டு என்று எண்ணிக் கேட்கிறவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே வழி தவறிவிடுவார்கள். பாக் மெட்டை விட்டுவிடுகிறார். அடியில் ஓடும் கீழ்ஸ்வர வரியையும் அதன் மேல் எழும் சுரக்கூட்டின் போக்கையும் பிடித்துக்கொண்டு அதன் மேல் முப்பது விதமாகக் கட்டுகிறார். மூன்றின் மடங்காக வரும் ஒவ்வோர் உருப்படியும், 27ஆவது வரை, ‘கேனன்’: ஒரு குரல் தொடங்கிய வரியை இன்னொரு குரல் சற்றுத் தள்ளி அப்படியே பின்தொடரும். மூன்றாவதில் அதே ஸ்வரத்தில், ஆறாவதில் ஒரு ஸ்வரம் தள்ளி, ஒன்பதாவதில் இரண்டு தள்ளி என்று அந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போகும். 15ஆவதில் பின்தொடரும் குரல் தலைகீழாக வரும். முன்னது ஏறினால் பின்னது இறங்கும். 30ஆவதில் மட்டும் கேனன் இருக்க வேண்டிய இடத்தில் மக்கள் பாடிய மெட்டுகளைக் கோத்து வைத்திருக்கிறார்.

கடிகாரத்தின் முதல் ஏமாற்று இங்கே இருக்கிறது. ஒவ்வோர் உருப்படியும் இரண்டு பாதி; ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிக்கும்படி பாக் குறித்திருக்கிறார். 1955இல் கூல்ட் எதையுமே திருப்பி வாசிக்கவில்லை. 1981இல் கேனன்களிலும் வேறு சில உருப்படிகளிலும் முன்பாதியை இரண்டு முறை வாசிக்கிறார். ஆக, கூடுதலாக வந்த பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்களில் ஒரு பங்கு வேகம் குறைந்ததால் வந்ததே அல்ல. திரும்ப வாசித்ததால் வந்தது. இந்த ஒன்றைக் கழிக்காமல் இரண்டு பதிவுகளையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

மீதியை இடம் இடமாகப் பார்க்கலாம். ஆரியா உண்மையிலேயே மாறியிருக்கிறது. முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது இப்போது மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. திருப்பல் எதுவும் இல்லை, முழுக்க முழுக்க வேகம்தான் இறங்கியிருக்கிறது. முதல் உருமாற்றமும் நிதானப்பட்டிருக்கிறது. 1955இல் அது கட்டவிழ்த்துவிட்டது போலத் துள்ளி எழும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக 1981இல் எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். ஐந்தாவதில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போக வேண்டும். இரண்டு வரிசையில் வாசிக்கக்கூடியதை ஒரே வரிசையில் வாசிப்பதால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதை இரண்டு பதிவுகளிலும் கூல்ட் ஒரு நிமிடத்துக்கு வெகுமுன்பே முடித்துவிடுகிறார், ஏறத்தாழ ஒரே வேகத்தில். 48 வயது விரல்கள் 22 வயது விரல்களுக்குச் சற்றும் பின்தங்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாட்சி 25ஆவது உருமாற்றம். முழுப் படைப்பில் மூன்றே மூன்று உருப்படிகள் சோக வண்ணம் கொண்ட ஜி மைனரில் அமைந்தவை. அவற்றில் கடைசியும் ஆழமானதும் இதுதான். ஹார்ப்சிகார்ட் மேதை வாண்டா லண்டோவ்ஸ்கா இதைக் கருப்பு முத்து என்று அழைத்தார். 1955இல் கூல்ட் இதற்கு எடுத்துக்கொண்டது சுமார் ஆறரை நிமிடம். 1981இல் ஆறு நிமிடத்தை ஒட்டியே முடிக்கிறார். முதிர்ச்சியில் நிதானம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? படைப்பிலேயே மிக மெதுவான உருப்படியை முதியவர் இளைஞரைவிட வேகமாக வாசிக்கிறார்!

இதில் இன்னொரு செய்தியும் சேர்கிறது. பாக் தம்மிடம் வைத்திருந்து திருத்தங்கள் எழுதிய அச்சுப் பிரதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1970களின் நடுவில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் இந்த உருப்படிக்கு ‘அடாஜியோ’, அதாவது மெதுவாக, என்று எழுதியிருக்கிறது. அது தெரியவந்த பிறகும் கூல்ட் வேகத்தைக் கூட்டித்தான் வாசித்திருக்கிறார். ஆனால் கேட்கும்போது அவசரம் தெரிவதில்லை. 1955 வாசிப்பில் ஒவ்வோர் இசைத்தொடரின் முனையிலும் கொஞ்சம் நின்று, ஏங்கி, பிறகு நகர்கிறார். அதன் அழகை மறுக்க முடியாது. பின்னாளில் கூல்டே அதைக் கேட்டு, ஷோபானின் இசையை வாசிப்பது போல இருக்கிறது என்று குறைப்பட்டார். 1981இல் அந்த ஏக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டார். கீழ்க்குரல் ஒரே சீராக நடக்கிறது. மேல்குரல் அரைஸ்வரம் அரைஸ்வரமாக இறங்கும்போது அதற்கு ஒதுங்க இடமே கிடைப்பதில்லை. அழுகையைக் காட்டாத வாசிப்பு. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் இதை ஒப்பவில்லை. 1955இன் 25ஆவதைக் கேட்ட பிறகு 1981 வறண்டு தெரிகிறது என்றார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை, முடிய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அப்படியானால் இருபத்தாறு ஆண்டுகளில் உண்மையில் மாறியது எது? அதையும் அந்த அம்மாதான் பிடித்தார். அவர் கேட்கும்போது கை தன்னால் தொடையில் தாளம் போடும். 1955 பதிவில் ஒவ்வோர் உருப்படி முடிந்ததும் கையை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 1981 பதிவில் பல இடங்களில் நிறுத்தவே வேண்டியிருக்கவில்லை. முடிந்த உருப்படியின் அடியை அப்படியே போட்டுக்கொண்டே போனால், அடுத்தது அதன் இரட்டிப்பாகவோ பாதியாகவோ மூன்றின் கணக்கிலோ வந்து பொருந்தியது. பல்லவி பாடும் வித்வான் தாளத்தை அசைக்காமல் அதே வரியைக் கீழ்க்காலம், மேல்காலம், திஸ்ரம் என்று கொண்டுபோவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். “காலப்பிரமாணம் ஒண்ணுதான் சார், அதை அவர் விடவே இல்லை” என்றார்.

கூல்டின் எண்ணமும் அதுவே. 1955 பதிவில் முப்பது துண்டுகளும் ஒவ்வொன்றும் தன் போக்கில் போகின்றன, அவற்றை இணைக்கும் நாடித்துடிப்பு ஒன்று இல்லை என்று 1982இல் விமர்சகர் டிம் பேஜுடன் நடத்திய உரையாடலில் அவர் சொன்னார். முழுப் படைப்புக்கும் அடியில் ஒரே துடிப்பு ஓட வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது பதிவைத் திட்டமிட்டார். ஆரியாவின் வேகம் இறங்கியது அந்தத் திட்டத்தில் ஒரு விளைவு. 25ஆவதன் வேகம் ஏறியதும் அதே திட்டத்தின் விளைவுதான். இரண்டையும் ஒரே கயிறு இழுக்கிறது. வயதை வைத்து இரண்டையும் விளக்கவே முடியாது.

இதனால் அதிகம் ஆதாயம் பெற்றவை கேனன்கள். 1955இல் அவை ஓடும் ஓட்டத்தில் பின்தொடரும் குரல் எங்கே நுழைந்தது என்று பழகாத காதுக்குத் தெரியாது. 1981இல் நுழைவு தெளிவாக விழுகிறது. முன்பாதி திரும்ப வரும்போது, முதல் முறை முன்செல்லும் குரலைக் கவனித்தவர் இரண்டாம் முறை பின்தொடர்வதைக் கவனிக்கலாம். திருப்பல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 15ஆவது உருப்படியைப் போட்டுக் காட்டினால் போதும்.

கூல்டின் கையைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய தந்தை காலை வெட்டிக் குள்ளமாக்கிக் கொடுத்த மடக்கு நாற்காலியில்தான் கடைசிவரை உட்கார்ந்து வாசித்தார். உட்காரும் பலகை தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேல்தான் இருக்கும். தோளின் எடை கட்டைமேல் விழாது, விரல் மட்டுமே வேலை செய்யும். ஸ்வரங்கள் ஒட்டாமல் தனித்தனியாக உதிர்வதற்கு அதுவே காரணம். 1981 பதிவின்போது ப்ரூனோ மோன்சான்ஜோன் எடுத்த படத்தில் அந்த விரல்களை நெருக்கத்தில் பார்க்கலாம். கூடவே அவர் முனகிப் பாடுவதும் கேட்கும். சிலருக்கு அது இடைஞ்சல். எனக்கு அது கட்டையில் இல்லாத ஒரு குரலையும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் வாசித்ததுதான் அவருடைய கடைசி மேடை. அதன் பிறகு கூடம், ஒலிநாடா, வானொலி, தொலைக்காட்சி மட்டுமே. வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்பவர் திருப்பிப் போட்டு, ஒப்பிட்டு, தேர்ந்தெடுத்து, இசையை உருவாக்குவதில் பங்காளி ஆவார் என்று அவர் உறுதியாக நம்பினார். 1966இல் அதை விரிவாக எழுதியும் வைத்தார். அந்த நம்பிக்கையில் ஒரு பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. திருப்பிப் போடும் வசதி அந்த அம்மாவிடம் பல ஆண்டுகளாக இருந்தது. 1981 பதிவை அவர் மனப்பாடமாக அறிந்தவர். ஆனால் தாளம் போடும் கை கண்டுபிடித்ததைச் சொல்லிப் பார்க்க எதிரே ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்களுக்கும் அப்படியே, தனியாகக் கேட்கும்போது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. எந்த இடம் என்று இன்னொருவர் கேட்ட பிறகுதான் காது வேலை செய்யத் தொடங்குகிறது.

இரண்டாவது பதிவு 1982 செப்டம்பரில் வெளியானது. அந்த மாதம் 25ஆம் தேதி கூல்டுக்கு ஐம்பது வயது நிறைந்தது. இரண்டு நாள் கழித்துப் பக்கவாதம் தாக்கியது. அக்டோபர் 4ஆம் தேதி காலமானார். இதனால் அந்தப் பதிவை விடைபெறுதலாகவே கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. அது வாசிப்புக்குச் செய்யும் அநீதி. வாசித்தபோது அவர் விடைபெறவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் 1981ஐத்தான் முதலில் தருவேன். குரல்கள் பிரிந்து கேட்கும், அடி தொடர்ந்து வரும். 1955ஐ அதன் பிறகு போட்டால் அந்த இளைஞனின் துணிச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். எங்கள் வட்டத்தில் அடுத்தது எது என்பதில் இன்னும் இழுபறி. 1959இல் சால்ஸ்பர்கில் ரசிகர்கள் முன்னிலையில் கூல்ட் வாசித்த பதிவைக் கேட்க வேண்டும் என்கிறார் இளையவர். வெட்டி ஒட்டும் வசதி இல்லாத இடத்தில் அந்த வேகம் என்ன ஆகிறது என்று பார்க்க அவருக்கு ஆவல். பியானோ கலைஞர் ஆந்த்ராஸ் ஷிஃப் 2001இல் பாஸல் நகரில் வாசித்ததுதான் வேண்டும் என்கிறார் அம்மா. பாக் எழுதிய திருப்பல்கள் அதில் ஒன்றுகூட விடுபடவில்லை.