டாலியைப் பிரதி எடுத்துப் பழகுதல்

சல்வதோர் டாலி 1931இல் தீட்டிய ‘நினைவின் நிலைபேறு’ மிகச் சிறிய ஓவியம். உயரம் 24 சென்டிமீட்டர், அகலம் 33 சென்டிமீட்டர், அவ்வளவுதான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1934 முதல் இருந்துவரும் இந்தக் கித்தானைவிட எண்ணெய் வண்ணம் பழகுபவருக்கு நல்ல பாடம் கிடைப்பது அரிது. பொருள்தான் கனவு, தீட்டிய முறை பழைய ஐரோப்பிய ஆசான்களுடையது. டாலி 1948இல் எழுதிய ஓவியக் கையேட்டில் பெரும் ஓவியர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு, வெர்மீரை எல்லோருக்கும் மேலே வைத்தார். பிரஷ் தடம் தெரியாத அந்த வழவழப்பை அவர் யாரிடம் கற்றார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கட்டம் போட்டு உருவங்களைப் பெயர்த்து, பழுப்பில் ஒளியையும் நிழலையும் மட்டும் தீட்டி உலரவிடுவது நல்ல தொடக்கம். அடியடுக்கில் டர்பன்டைன் கூடுதலாகவும், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் வண்ணம் வெடித்துவிடும்.

எளிதாகத் தெரியும் வானம்தான் கையை முதலில் சோதிக்கிறது. அடிவானத்தில் மஞ்சள், மேலே நீலம். இரண்டையும் ஈரத்தோடு நேரே இழைத்தால் நடுவில் பச்சை பாய்ந்துவிடும். இடையே வெள்ளை மிகுந்த வெளிர்நிறப் பட்டை ஒன்றை இட்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் கிடைவாட்டில் லேசாக நீவினால்தான் அந்த மாலையொளி கிட்டும். வலப்புறப் பாறைகள் கற்பனை அல்ல. டாலி வாழ்ந்த போர்ட் யிகாட் அருகே, கட்டலோனியாவின் கிரெயுஸ் முனைக் கடற்கரையில் இருப்பவை. அவற்றின் பொன்னிறம் எடுப்பதற்குக் காரணம் முன்புறத்தில் பரவிய இருட்டு.

அடுத்தது கடிகாரங்கள். மேசை விளிம்பில் வழியும் கடிகாரத்தின் மேற்பாதி படுத்திருக்கிறது, கீழ்ப்பாதி தொங்குகிறது. எண்களும் அந்த வளைவோடு சேர்ந்து சாய வேண்டும். மடிப்பைக் கூர்மையாக வரைந்தால் உடைந்த தட்டாகிவிடும், நெகிழ்வு வராது. பொன் விளிம்பின் ஒளிக்கோடு வளைவில் அகன்று மங்கி, தொங்கும் இடத்தில் மறுபடி மெலிய வேண்டும். அந்த ஒரே கோட்டில்தான் உலோகம் உருகுகிறது. பக்கத்தில் எறும்பு மொய்க்கும் ஆரஞ்சு நிற மூடிய கடிகாரம் மட்டும் உருகாமல் கெட்டியாகக் கிடக்கிறது. அதன் விறைப்பு குறைந்தால் மற்றவற்றின் குழைவை யாரும் நம்பமாட்டார்கள். டாலியின் மேதைமை இந்த ஒப்பீட்டில்தான் உச்சம் தொடுகிறது.

டாலி மறைந்தது 1989இல். அவருடைய ஓவியங்களுக்குக் காப்புரிமை இன்னும் உண்டு. பழகுவதற்காக எடுத்த பிரதியை விற்பனைக்கு வைக்கக் கூடாது. மூலத்தின் அளவை மாற்றிக்கொண்டு, டாலியின் கையொப்பத்தை விட்டுவிட்டு, கித்தானின் பின்புறம் ‘பிரதி’ என்றும் தீட்டியவர் பெயரையும் எழுதி வைப்பதே முறை.